பழைய புல்லட்டுக்கு ஒரு புஷ்: புதுப்பேட்டையா, லேத் பட்டறையா, சொந்த லேத்தா?

பெரம்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். 1960களின் கடைசியில் வந்த 350 சிசி புல்லட் ஒன்றை வாங்கியிருக்கிறார். என்ஜினைப் பிரித்து, பாகங்களை மொட்டை மாடி அறையில் பழைய செய்தித்தாள்மேல் பரப்பி வைத்தாகிவிட்டது. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடில், பிஸ்டன் பின் என்ற ஊசித்தண்டு உட்காரும் சிறு முனைப் புஷ் (தேய்மானத்தைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது. வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு இரண்டிலும் ஆட்டம். கிக் ஸ்டார்ட்டர் தண்டு அதன் புஷ்ஷுக்குள் கோயில் மணியின் நாக்குபோல ஆடுகிறது. அம்பத்தூரில் ஒரு சிறு தொழிற்கூடத்தை மூடுகிறார்களாம். நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று மலிவாக வருகிறது. "வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார்.

லேத் வைத்திருப்பவனிடம் லேத் வாங்கலாமா என்று கேட்பது, பெண் வீட்டாரிடமே போய்ப் பெண்ணைப் பற்றி விசாரிப்பது போன்றது. வாங்குங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "மொத்தம் எத்தனை பாகம் கடைய வேண்டியிருக்கிறது?" என்று கேட்டேன். எண்ணிப் பார்த்து "ஆறு" என்றார். அந்த ஆறு பாகங்களுக்காக நாங்கள் போட்ட கணக்குதான் இது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய புல்லட்டை எழுப்பி ஓட்ட நினைப்பவருக்குச் சென்னையைப் போல வசதியான ஊர் கிடையாது. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் வண்டி உருவானது. இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பிறகும், 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அதே 346 சிசி என்ஜின் இங்கே பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தது. ஆகவே உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. யெஸ்டி, ஜாவா வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம். போர்க்காலத்து பிஎஸ்ஏ வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். அவர்களுக்கு லேத்தைத் தவிர வேறு போக்கிடம் குறைவு.

புதுப்பேட்டையிலிருந்து தொடங்குவோம். எழும்பூருக்குப் பக்கத்தில் கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் வண்டிகளின் எலும்புக்கூடுகள் கடைவாசல்வரை தொங்கும். அங்கே எதற்குப் போக வேண்டும், எதற்குப் போகக் கூடாது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. வார்ப்புப் பாகங்களுக்கும் பல்சக்கரங்களுக்கும் போங்கள். தேய்மானப் பாகங்களுக்குப் போகாதீர்கள். பழைய டைமிங் கவர், கியர்பாக்ஸ் மூடி, ராக்கர், கிளட்ச் கூடை போன்றவற்றை வீட்டில் செய்யவே முடியாது. புதிதாகச் சந்தையில் வருபவற்றின் வார்ப்பும் சில நேரம் நம்பும்படி இருக்காது. அன்றைய ஆலையின் உலோகம் நாற்பது ஆண்டு ஓடி, எண்ணெய் குடித்து, இன்னும் உறுதியாக நிற்கும். ஆனால் பழைய வால்வு கைடையோ புஷ்ஷையோ அங்கே வாங்குவது, உங்களுடைய தேய்மானத்தைக் கொடுத்து இன்னொருவருடைய தேய்மானத்தை வாங்கி வருவதுதான்.

போகும்போது நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டர் ஒன்றையும், பொருந்த வேண்டிய எதிர்ப் பாகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பல்சக்கரத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல்லின் முகத்தில் சிறு குழிகள் தெரிந்தால் மேற்பரப்பின் கடினத்தோல் உரிந்துவிட்டது என்று பொருள், திருப்பி வைத்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்ஜின் எண் பொறித்த கிராங்க்கேஸை (என்ஜினின் அடிக்கூட்டை) ஆவணம் இல்லாமல் வாங்க வேண்டாம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் என்ஜினில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். மலிவாக வந்த கிராங்க்கேஸுக்காக ஆர்டிஓ அலுவலக வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை வரும்.

புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம். இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிஸ்டன், பிஸ்டன் வளையம், வால்வு, பேரிங், ஸ்பிரிங், கேஸ்கெட் ஆகியவற்றை யோசிக்காமல் வாங்குங்கள். பிஸ்டன் வளையத்தை வீட்டில் கடையப் போகிறேன் என்பவரை நான் தடுக்கமாட்டேன். வேடிக்கை பார்க்க மட்டும் வருவேன். புதுப் புஷ்களும் கைடுகளும் அங்கே கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், அவை புது என்ஜினின் துளைக்கான அளவில் இருக்கும். உங்கள் என்ஜினின் துளை, அரை நூற்றாண்டில் நாலு மெக்கானிக் புஷ் தட்டி இறக்கிப் பிடுங்கிய துளை. அது பெருத்திருக்கும். வாங்கிய கைடு கையால் தள்ளினாலே உள்ளே போனால் அந்தக் கைடு வீண். அங்கேதான் கடைசல் வேலை தொடங்குகிறது.

லேத் பட்டறை என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்காது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இலும் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இலும் உருவாகி, மூன்று தலைமுறைக் கடைசல்காரர்களை இந்த ஊருக்குக் கொடுத்திருக்கின்றன. காலையில் வந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டு லேத்தைத் தொடும் அந்த மனிதர்களின் விரலுக்கு உள்ள உணர்வு எனக்குப் பத்தாண்டு பழகியும் வரவில்லை. ஆனால் அவர்களுடைய பிழைப்பு வேறு. ஒரே மாதிரி இருநூறு பாகம் கடைந்தால்தான் அவர்களுக்குக் கூலி நிற்கும். நீங்கள் ஒரே ஒரு புஷ்ஷோடு போய் நிற்கிறீர்கள். சக்கில் (லேத்தின் பிடிப்பானில்) ஜாப்பை மாட்டி, டூலைச் சரிசெய்து, நிதானமாக அளந்து தருவதற்குள் வேறொரு வேலை கெட்டுவிடும். அதனால் ஒற்றை வேலைக்கு நாள் தள்ளும். ஆயுத பூஜை நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு தடை, மொழி. அங்கே நீளத்தை நூலில் சொல்வார்கள்: எட்டு நூல் ஓர் அங்குலம். நுண்ணளவைத் தௌவில் சொல்வார்கள்: ஆயிரம் தௌ ஓர் அங்குலம், அதாவது ஒரு தௌ 0.0254 மி.மீ. நீங்கள் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்து, "கொஞ்சம் டைட்டாக இருக்கட்டும்" என்று வாயால் சொன்னால், அந்தக் "கொஞ்சம்" ஒரு தௌவா மூன்று தௌவா என்பதை அவர் ஊகிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் வேலையே கெட்டுவிடலாம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிறு முனைப் புஷ் ஒன்றை ஒரு பட்டறையில் கொடுத்தேன். வெளிவிட்டம் அழகாக வந்தது. உள்துளையை பிஸ்டன் பின்னுக்குக் கச்சிதமாக, அது வழுக்கிக்கொண்டு இறங்கும்படி கடைந்து கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கனெக்டிங் ராடில் அழுத்தி இறக்கினேன். பிஸ்டன் பின் நுழைய மறுத்துவிட்டது. இறுக்கமாகப் பொருந்தும் புஷ்ஷை வெளியிலிருந்து ராடு நெருக்கும்போது உள்துளையும் சுருங்கும். வெளியே கொடுத்த இறுக்கத்தில் பெரும்பகுதி உள்ளே குறைந்துவிடும். ஆகவே உள்துளையை ஐந்தாறு தௌ சிறியதாக விட்டு, புஷ்ஷை இறக்கிய பிறகுதான் ரீமர் (துளையை நுணுக்கமாகச் சீவும் கருவி) ஓட்டி முடிவளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவர்மேல் குற்றமில்லை. அவர் கையில் ராடு இல்லை, நான் சொல்லவும் இல்லை. கேட்ட அளவுக்குக் கொடுத்தார்.

பட்டறை வழியின் பெரிய குறை இதில்தான் இருக்கிறது. திறமைக் குறைவில் இல்லை. பாகம் ஓரிடத்தில் உருவாகிறது, பொருத்துவது இன்னோர் இடத்தில். பழைய என்ஜினில் ஒவ்வொரு துளையும் தனித்தனிக் குணம் உடையது. பொருத்திப் பார்த்து, எடுத்து, அரைத் தௌ சீவி, மறுபடி பொருத்திப் பார்க்கும் வேலை அது.

அந்த வேலைக்குத்தான் சொந்த லேத். இரவு பதினொரு மணிக்கு, என்ஜினின் தலைப்பகுதியை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒரு கைடை மூன்று முறை கடைந்து அளந்து பார்க்கலாம். கெட்டுப்போனால் இன்னொரு துண்டு வெண்கலக் கம்பியை அறுத்துக்கொள்ளலாம். யாரும் முகம் பார்க்கமாட்டார்கள். கணக்கில் வராத ஆதாயம் இது.

கணக்கில் வருபவற்றைப் பார்ப்போம். நாலரை அடி லேத் என்பது படுக்கையின் நீளம். எடை அரை டன்னை ஒட்டி வரும். அதை மொட்டை மாடி அறையில் ஏற்ற நினைத்தார் நண்பர். தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாத காரியம். தரைத்தளத்தில் வைத்தால் வேறு கவலை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில், மோட்டாரும் மின்பெட்டியும் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எந்த இயந்திரமும் பத்திரமானது அல்ல. பழைய லேத்தில் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டில் ஒற்றை ஃபேஸ் இணைப்பு என்றால் மோட்டாரை மாற்ற வேண்டும், அல்லது வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும்.

மேசையில் வைக்கும் குட்டி லேத் நாற்பது ஐம்பது கிலோவில் முடிந்துவிடும். வீட்டுப் பிளக்கில் ஓடும். புஷ், கைடு, ஸ்பேசர் போன்ற உள்ளங்கைக்குள் அடங்கும் பாகங்களுக்கு அது போதும். உருக்கில் ஆழமாக வெட்டினால் நடுங்கும். சின்னச் சின்ன வெட்டாகப் போனால் நடுங்காது. பொறுமைசாலிக்கு ஏற்றது. எனக்கு முதல் இரண்டு ஆண்டு ஏற்றதாக இல்லை.

எந்த லேத்தாக இருந்தாலும், அதற்கு எவ்வளவு எடுத்துவைக்கிறீர்களோ ஏறத்தாழ அதே அளவை மற்றவற்றுக்கும் எடுத்துவையுங்கள். நாலு தாடைச் சக், டயல் கேஜ், மைக்ரோமீட்டர்கள், துளை அளக்கும் கேஜ், ரீமர்கள், வெட்டும் டூல்கள், அவற்றைத் தீட்டச் சாணைக்கல். இதெல்லாம் இல்லாத லேத், கரண்டியில்லாத அடுப்பு. பாரிமுனைப் பக்கத்துக் கருவிக் கடைகளில் ஒரு சனிக்கிழமை கழிந்தால் பணப்பை இளைத்துவிடும். அதோடு கடற்காற்று. ஒரு வாரம் எண்ணெய் தடவாமல் விட்டால் படுக்கையில் செம்புள்ளி விழுந்துவிடும். ஊருக்குப் போவதற்கு முன் கேஸ் மூடினோமா என்று வீட்டில் பார்ப்பார்கள். நான் லேத்துக்கு எண்ணெய் தடவினோமா என்று பார்ப்பேன்.

மரை (திருகுப் புரி) வெட்டும் ஆசை இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆங்கிலேய மரபு என்ஜின்களில் பல மரைகள் அங்குலத்துக்கு 26 என்ற சைக்கிள் மரை. அதாவது ஒரு மரைக்கு 0.977 மி.மீ. கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் மரைபோலவே தெரியும். நட்டு இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு பிடிக்கும். பத்து மரையில் 0.23 மி.மீ. விலகிவிடும். அந்த இடத்தில் ஸ்பேனரை இன்னும் இழுப்பவர்கள்தான் கிராங்க்கேஸ் மரைகளைக் கொல்பவர்கள். மெட்ரிக் லேத்தில் அங்குல மரையைச் சுத்தமாக வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127, கணக்கு அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் அந்தச் சக்கரம் கூட வருகிறதா என்று கேளுங்கள்.

பழகும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நான் முதலில் கெடுத்த புஷ்கள் இப்போதும் ஒரு காபித் தூள் டப்பாவில் இருக்கின்றன. அவற்றில் பாதி, சூட்டோடு அளந்ததால் கெட்டவை. வெட்டிய சூட்டில் முப்பது டிகிரி கூடியிருக்கும் 25 மி.மீ. வெண்கலப் புஷ், ஆறும்போது 0.013 மி.மீ. சுருங்கும். அது அரைத் தௌ. இறுகிப் பிடிக்க வேண்டிய புஷ் ஆறியதும் தொளதொளத்துப் போவது இப்படித்தான். மே மாதத்து மாடி அறையில் எல்லாமே சூடாகத்தான் இருக்கும். ஆனால் அளக்கும் பாகமும், பொருந்தும் பாகமும், மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் போதும். வெட்டி முடித்ததும் ஒரு காபி குடித்துவிட்டு வந்து அளப்பதே என் வழக்கம். லேத் அருகே வேட்டி, தொங்கும் துண்டு, மோதிரம் எதுவும் ஆகாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போடும் தவறை ஒருவர் ஒருமுறைதான் செய்வார்.

இனி நண்பருடைய ஆறு பாகங்கள். கிராங்க்கின் பெரு முனையில் உள்ள மிதவைப் புஷ்ஷை முதல் பேச்சிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பழைய புல்லட்டில் கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவே, எதிலும் ஒட்டாமல் சுழலும் வளையம் அது. உள்ளே ஓர் இடைவெளி, வெளியே ஓர் இடைவெளி, இரண்டிலும் எண்ணெய்ப் படலம். அதைப் புதிதாகவே வாங்க வேண்டும். கிராங்க்கைப் பிரித்துச் சேர்த்து நேர்படுத்துவதும் அதற்கென்றே அழுத்து இயந்திரம் வைத்திருப்பவரின் வேலை. சிலிண்டரின் தேய்ந்த துளையைப் பெரிதாகக் கடையும் 'போர் போடும்' வேலையும் அப்படியே. முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை, அதாவது சற்றுப் பெரிய பிஸ்டனை, வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதன் அளவுக்குத் துளையிட்டு ஹோனிங் (துளைச் சுவரைத் தீட்டும் வேலை) செய்து வாங்குங்கள். பிஸ்டன் பிறகு வரும் என்று சொல்லிச் சிலிண்டரை மட்டும் கொடுப்பவர்கள் இரண்டு முறை பணம் கட்டுவார்கள்.

மீதி நான்கும் கடைசலுக்கானவை. சிறு முனைப் புஷ், கிக் ஸ்டார்ட்டர் புஷ் இரண்டுக்கும் பாஸ்பர் வெண்கலம். பித்தளை போதும் என்று எவரேனும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். மஞ்சளாக இருப்பதெல்லாம் புஷ்ஷுக்கு ஆகாது. வால்வு கைடு இரண்டும் வார்ப்பிரும்பிலோ வெண்கலத்திலோ செய்யலாம். கைடின் வெளிவிட்டம் துளையைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். புல்லட்டின் தலைப்பகுதி அலுமினியம். 150 டிகிரி சூடேற்றினால் 15 மி.மீ. துளை 0.05 மி.மீ. விரியும், குளிர்பெட்டியில் வைத்த கைடு தானாக உள்ளே உட்காரும். சுத்தியலால் அடித்து ஏற்றும் பழக்கந்தான் துளைகளைப் பெருக்கியது. வீட்டு அவனைப் பயன்படுத்துவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கைடு இறங்கிய பிறகு மையம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். வால்வு அமரும் வளையமான வால்வு சீட்டை மறுபடி வெட்டியே ஆக வேண்டும். சொந்த லேத் இருந்தாலும் இந்த ஒரு வேலைக்குப் பெரும்பாலோர் ஹெட் வேலை செய்யும் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

நான்கு பாகத்துக்காக லேத் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னது நடுவழி: அளப்பதும் பொருத்துவதும் வீட்டில், கடைசல் மட்டும் வெளியே. மைக்ரோமீட்டர், துளை கேஜ், சரிசெய்துகொள்ளும் ரீமர் ஆகிய மூன்றையும் வாங்குங்கள். துளையை மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து, தாளில் படம் போட்டு, வெளிவிட்டம் இத்தனை, உள்துளை இத்தனை தௌ சிறியதாக விடவும் என்று மில்லிமீட்டரிலும் தௌவிலும் எழுதுங்கள். முடிந்தால் ராடையும் தலைப்பகுதியையும் கூடவே கொண்டுபோங்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள். இந்தக் கருவிகள் நாளை லேத் வாங்கினாலும் தேவைப்படுபவை; எனவே இந்தச் செலவில் ஒரு ரூபாயும் வீணில்லை. இரண்டாவது, மூன்றாவது பழைய வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அப்போது குட்டி லேத்தைப் பற்றிப் பேசலாம். ஜாவா வந்து சேர்ந்தால் உடனே பேசலாம்.

அவர் அப்படியே செய்தார். படத்தோடும் ராடோடும் போனதைப் பார்த்துப் பட்டறைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்தாராம். "இப்படி எழுதிக்கொண்டு வந்தால் எனக்கும் வேலை சுலபம் சார்" என்று சொல்லி, இரண்டு கைடுகளையும் சிறு முனைப் புஷ்ஷையும் மறுநாளே கொடுத்திருக்கிறார். ரீமர் ஓட்டிய அன்று, எண்ணெய் தடவிய பிஸ்டன் பின் தன் எடையிலேயே மெதுவாக வழுக்கி இறங்குவதைக் காணொளியாக எடுத்து எனக்கு அனுப்பினார்.

கிக் ஸ்டார்ட்டர் புஷ் மட்டும் சரியாக வரவில்லை. துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. அவர் ஒரு திசையில் மட்டும் அளந்திருக்கிறார். கியர்பாக்ஸ் மூடியையே எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். அம்பத்தூரின் நாலரை அடி லேத்தை இதற்குள் வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். நேற்று இரவு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: குட்டி லேத்துக்கு 127 பல் சக்கரம் தனியாகக் கிடைக்குமா?